மூன்றாவது உயிர் தலைவருக்கு

அந்த ஆட்டத்தை நான் முடிக்கவேயில்லை என்று இப்போது வாயைத் திறந்து சொன்னால், இந்த அம்மாள் அதை எந்தப் படிவத்தில் எழுதிக்கொள்வார்?

சிவசங்கரி இப்படி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கண்காணிப்பாளர் நிர்மலாதேவி அவளுடைய ஆதார் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க யாரு?”

“சிவசங்கரி, மேடம்.”

“பேருதான் அட்டையிலயே இருக்குதே. பதவியச் சொல்லுங்க.”

பதவி கடிதத்தில் இருந்தது. சிவசங்கரி அதைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்துப் படித்தாள். “முதல் நிறைவாளர்.”

“அப்பிடிச் சொன்னாத்தானே எழுத முடியும்,” என்று நிர்மலாதேவி எழுதிக்கொண்டார்.

ஓர் ஆட்டத்தை ஊரில் முதன்முதலாக முடித்தவள் என்பதற்காக, நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் பதவி அது. நெல்லித்தோப்பில் ஒரு பல் மருத்துவமனையில், வலியோடு உட்கார்ந்திருப்பவர்களை வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. மூன்று வாரத்துக்கு முன் பதிவுத் தபாலில் கடிதம் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். அவள் கணவன் விஜயராகவன் பிரித்துப் படித்துவிட்டு, மாடி வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் காட்டிவிட்டு வந்திருந்தான். “இவ்ளோ பெரிய ஆள வீட்ல வெச்சிக்கிட்டு ரசத்துல உப்பு இல்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன் பாரு,” என்றான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசி அடைத்துவிட்டது என்று அவனே காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். கண்டுபிடிக்கட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

புதுவை மின்விளையாட்டு மரபுக் காப்பு வாரியம் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவர்க் கட்டடம் ஒன்றில் இயங்கியது. அது காப்பது ஒரே ஒரு கருவியை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய இராமதாஸ், பிரான்சின் துலோன் நகரத்திலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டி அது. தொலைக்காட்சியில் மாட்டி, கையில் பிடிக்கும் ஒரு கட்டையால் ஆடுவது. அதோடு ‘கொமேத்’ என்ற ஒரே ஒரு ஆட்டம். தெருவில் அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையோடு முசே இராமதாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இறந்த பிறகு, பிரான்சிலிருந்த மகன் வீட்டை விற்கும்போது பெட்டியையும் அதைப் பற்றி அவர் எழுதி வைத்த நோட்டையும் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டான். தொல்பொருள் பார்ப்பவர்கள் அதற்கு நூறு வயது ஆகவில்லை என்றார்கள். விளையாட்டுப் பார்ப்பவர்கள், ஆடினால் வியர்க்கிறதா என்று சோதித்துப் பார்த்து, இல்லை என்றார்கள். எந்த அலமாரியிலும் வைக்க இடமில்லாத பொருளுக்கு ஒரு வாரியம் அமைப்பதுதான் வழி என்று அமைத்தார்கள். அமைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

கொமேத் ஆட்டத்தில் ஒரு சின்ன விண்கப்பல் இடமிருந்து வலமாகப் போகும். எதிரில் வருவதையெல்லாம் சுட வேண்டும். எதன் மேல் பட்டாலும் உயிர் போய்விடும். வழியில் மிதந்து வரும் மாத்திரைகளைத் தொட்டால் ஆயுதம் கூடும். உயிர் போனால் சேர்த்த ஆயுதம் எல்லாம் போய்விடும். ஆயுதம் இல்லாமல் கடக்கவே முடியாத இடத்தில், ஒற்றைக் குண்டோடு மறுபடி பிறக்க வேண்டும். மொத்தம் மூன்று உயிர். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வழி கிடையாது. ஏழு கட்டத்தில் மூன்றாவது, திறந்து மூடும் சுவர்களுக்கு நடுவே ஒரு சுரங்கம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் செத்தார்கள்.

சாவுக்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. பிரெஞ்சுப் பெட்டி ஒரு முறையில் நிறத்தை அனுப்பும். இந்தியத் தொலைக்காட்சி வேறு முறையில் எதிர்பார்க்கும். இரண்டையும் சேர்த்தால் படம் வந்தது, நிறம் வரவில்லை. உயிர் வாங்கும் குண்டு சிவப்பு, ஆயுதம் தரும் மாத்திரை நீலம் என்று பெட்டியின் அட்டையில் போட்டிருந்தது. திரையில் இரண்டும் ஒரே சாம்பல் உருண்டை. அட்டையைப் பார்க்காதவர்கள் சாவுக்குக் காரணம் தெரியாமல் செத்தார்கள். பார்த்தவர்கள் காரணம் தெரிந்து செத்தார்கள்.

இப்போது அதைச் சரிசெய்ய உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று போதும். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர்கள் சிலர் அதை இலவசமாகவே மாட்டித் தருவதாக எழுதிக் கேட்டார்கள். வாரியம் மறுத்துவிட்டது. உலகத்தில் எல்லோரும் நிறத்தில் ஆடிய ஆட்டத்தைச் சாம்பலில் ஆடியது புதுவை மட்டும்தான், அந்தச் சாம்பல்தான் மரபு என்று தீர்மானம் போட்டார்கள்.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பேழைக்குள் பெட்டி இருந்தது. பக்கத்தில் அதே பழைய தொலைக்காட்சி. பின்சுவர் முழுக்க ஓர் ஓவியம்: பச்சைக் கிரகம், இறங்கி நிற்கும் விண்கப்பல், அதிலிருந்து வெளியே வந்து கொடி நடும் ஒரு பெண். கீழே ‘கொமேத் ஆட்டத்தின் நிறைவுக் காட்சி. தகவல்: முதல் நிறைவாளர்’ என்று பலகை. பதின்மூன்று வயதில் அவள் சொன்ன ஒரு பொய்யைப் பன்னிரண்டடி உயரத்துக்கு வரைந்து, தூசு படியாமல் தினமும் துடைத்து வைத்திருந்தார்கள். சிவசங்கரி அதற்கு முதுகைக் காட்டி உட்கார இடம் தேடினாள். நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்த்தே போட்டிருந்தன.

கடைசி வரிசையில் நூரீன் உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்து மூன்று வருடமாக ஒரே ஊரில்தான் இருந்தார்கள். பெரிய மார்க்கெட்டில் நூரீனை தூரத்தில் பார்த்தால் சிவசங்கரி மீன் பக்கம் திரும்பிவிடுவாள், மீன் வாங்காத நாளிலும். இன்று திரும்ப இடமில்லை.

“வா சங்கரி,” என்றாள் நூரீன். “முடியெல்லாம் நரைச்சிப் போச்சே. மை போட மாட்டியா?”

“எங்க நேரம்.”

“நான் போடறேன் பாரு. எங்க வீட்ல வயசு அதுல மட்டுந்தான் கொறைக்க முடியுது.”

நூரீன் கொடுத்த புகார் மனுவின் நகல் சிவசங்கரியின் பையிலேயே இருந்தது. சுவரில் வரைந்திருப்பது தவறு, ஆட்டத்தின் முடிவு அப்படி இல்லை, அதை முடித்தவள் நான் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். பள்ளியிலிருந்து வாரியத்தைப் பார்க்கக் கூட்டிப்போனபோது அவள் மகள் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாளாம். அது அப்படி இல்லடி என்று நூரீன் சொன்னதற்கு, கவர்மெண்ட்டே போட்டிருக்கும்மா, நீ சும்மா அளக்கற என்றாளாம். மனுவின் கடைசிப் பத்தியில் அதையும் எழுதியிருந்தாள்.

மனுவை விசாரித்து, அது பொய்ப் புகார் என்று முதல் நிறைவாளர் கையெழுத்துப் போட்டவுடன் பதினொரு மணிக்குப் பொன்னாடை என்று கடிதத்தில் நிகழ்ச்சி நிரல் இருந்தது.

விசாரணைக்கு முன் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூன்று உயிரில் முதல் உயிர் கண்காணிப்பாளருக்கு, இரண்டாவது அழைக்கப்பட்ட வல்லுநருக்கு, மூன்றாவது தலைவருக்கு. நிர்மலாதேவி வெள்ளைக் கையுறை மாட்டி, பேழையைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. கப்பல் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

“இதுல சுடறது எது?” என்று அவர் கேட்டார். கேள்வி முடியும் முன் உயிர் போயிற்று. அவர் எழுந்து, உயிர் இழப்பு அறிக்கையை மூன்று பிரதி நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் ‘இதர’ என்று எழுதினார்.

வல்லுநராக வந்திருந்தவர் காவலர் விக்ரம். துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வாங்கியவர். அவர் தரையில் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, முழங்கைகளை ஊன்றி, விளையாட்டுக் கட்டையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டார். மூச்சை அடக்கி நாற்பது நொடி ஆடினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லவேயில்ல சார்,” என்றார். அதுவும் பதிவாயிற்று.

திரையில் ஒரு உயிர் மீதி இருந்தது. தலைவர் கலியமூர்த்தி எழுந்து வந்து கட்டையை இரண்டு கையாலும் வாங்கி, திரையைப் பார்த்து நின்றார். பிறகு சுவிட்சைத் தட்டிப் பெட்டியை அணைத்தார்.

“பன்னெண்டு வருஷமா நான் இந்த உயிர எடுத்ததில்ல,” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். “எனக்கு ஆசை இல்லையா? இருக்குது. ஆனா இதையும் செலவு பண்ணிட்டா அப்புறம் வாரியத்துக்குன்னு என்னா மிச்சம் இருக்கும், சொல்லுங்க. ஆடறவன் ஆயிரம் பேர் வருவான். ஆடாம காப்பாத்த ஒருத்தன் வேணும்.”

ஊழியர்கள் கை தட்டினார்கள். சிவசங்கரியும் தட்டினாள். தட்டிய பிறகுதான் தன் கைகள் அதைச் செய்ததை உணர்ந்தாள். அந்தக் கைகளுக்கு இது பழக்கம்.

தொண்ணூற்றிரண்டு மே மாதம். முசே இராமதாஸ் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் அவளும் நூரீனும் மட்டும். கோடை முழுக்க நூரீன் அந்தச் சாம்பல் உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். “குண்டு துடிக்கும்டி. மாத்திரை துடிக்காது. கலரப் பாக்காத, துடிப்பப் பாரு.” சிவசங்கரி பார்த்தாள். அவளுக்கு எல்லாம் துடித்தது. அன்றைக்கு நூரீன் மூன்றாம் கட்டத்தைத் தாண்டினாள், நான்கைத் தாண்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு ஏழாவதையும் முடித்தாள். பெரிய எதிரி வெடித்தது. திரை ஒரு நொடி இருண்டது. பிறகு முதல் கட்டம் மறுபடி வந்தது, முன்னைவிட வேகமாக. அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கு முடிவே இல்லை.

“இவ்ளோதானா?” என்று நூரீன் சிரித்தாள். கட்டையை இவள் மடியில் போட்டுவிட்டு, அம்மா தேடும் என்று முல்லா வீதிக்கு ஓடினாள். கப்பல் தானாகச் செத்தது. ஏழு இலக்க மதிப்பெண்ணோடு திரை நின்றபோது முசே எழுந்து வந்தார்.

“யாரு இது? நீயா?”

இல்லை என்று சொல்லத் தேவையான நேரம் இருந்தது. அதைப் பற்றி அவள் பிறகு பல இரவு யோசித்திருக்கிறாள். நேரம் இல்லாமல் போகவில்லை. கட்டை மடியில் இருந்தது. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. அதுவரை யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. ஆமாம் என்றாள். கடைசியில் என்ன வந்தது என்று கேட்டார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது, இத்தனை கஷ்டத்துக்கு அது ரொம்பக் கம்மி. பச்சைக் கிரகம் வந்தது, ஒரு பொண்ணு இறங்கிக் கொடி நட்டாள் என்றாள். “பிராவோ, மத்மசேல்,” என்று கை குலுக்கி, நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டார். மறுநாள் நூரீன் வந்து நான்தான் முடித்தேன் என்றபோது, முடிவு என்னா சொல்லு என்றார். சொன்னாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நூரீன் இவள் பக்கம் திரும்பி, “நீ சொல்லுடி, நீதான் பக்கத்துல இருந்தியே,” என்றாள்.

“எனக்குத் தெரியாது,” என்றாள் சிவசங்கரி.

அந்தக் கோடை முடியும்வரை நூரீனைப் புளுகு நூரீன் என்று கூப்பிட்டார்கள். பள்ளி திறந்த பிறகும் கூப்பிட்டார்கள்.

“மனுதாரர் முன்னால வரலாம்,” என்றார் நிர்மலாதேவி.

நூரீன் வந்து, கைப்பையை மேசையில் வைத்தாள். எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள்.

“எனக்கு ஒரே ஒரு கேள்விதான் சார்,” என்றாள். “அந்த டிவில கலரே வராது. உங்க போர்டுலயே எழுதி வெச்சிருக்கீங்க. அப்பறம் கெரகம் பச்சைன்னு எப்பிடித் தெரிஞ்சுது?”

சிவசங்கரியின் காது மடல் சுட்டது. பன்னிரண்டு வருடமாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்த யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. இப்போது எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

“நல்ல கேள்வி,” என்றார். “இதுக்கு பதில் இருக்குது. அது அனுமானப் பச்சை.”

“அப்பிடின்னா?”

“பாத்தவங்க மனசுல பச்சையா இருந்துது. மனசுல இருக்கறத வாரியம் மதிக்குதும்மா. இப்ப உங்க கதைய எடுத்துக்குங்க. முடிவே இல்ல, திரும்பவும் ஆரம்பத்துலேர்ந்து வருதுன்றீங்க. சரி, அது நிஜமாவே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வருது. அதுங்ககிட்ட நான் எதக் காட்டறது? கஷ்டப்பட்டு ஏழு கட்டம் போனா மறுபடி மொதல் கட்டந்தான்னா, எந்தப் புள்ள படிக்கும்? எந்த ஊழியர் ப்ரமோஷனுக்குப் பரீட்சை எழுதுவார்? நாங்க உண்மைக்கு எதிரி இல்ல. உண்மைக்கு ஒரு சுவர் ஒதுக்கணும்னா அது சுவர் மாதிரி இருக்கணுமில்ல.”

நிர்மலாதேவி ‘அனுமானப் பச்சை’ என்பதைக் குறிப்பில் ஏற்றி, அடிக்கோடிட்டார்.

“ஆடிக் காட்டறேன் சார்,” என்றாள் நூரீன். “கையி மறந்திருக்காது. ஒரு மணி நேரம் குடுங்க.”

“உயிர் எங்க இருக்குது?” என்று தலைவர் வருத்தத்தோடு கேட்டார். “இந்த வருஷத்துக்கு மூணும் ஒதுக்கியாச்சு.”

அப்போதுதான் சிவசங்கரி எழுந்தாள்.

“சார், அவ சொல்றதுதான் சரி. நான் முடிக்கல. அவதான் முடிச்சா. நான் பக்கத்துல இருந்தேன். அந்தப் பச்சைக் கெரகம் நானா சொன்னது.”

முப்பத்து மூன்று வருடம் சுமந்ததைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை, எல்லோரும் பார்க்கும்படி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. நூரீன் ஆச்சரியப்படவில்லை. தாமதமாக வந்து சேரும் தன் ஊர்ப் பேருந்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள்.

தலைவர் கோபப்படவும் இல்லை. புன்னகைத்தார். “பாத்தீங்களா, இதுதான் பெருந்தன்மை. பழைய சிநேகிதிக்காக விட்டுக் குடுக்கறாங்க. இதையும் எழுதிக்கங்க மேடம்.”

“விட்டுக் குடுக்கல சார். பொய் சொன்னேன்.”

“எப்ப சொன்னீங்க?”

“தொண்ணூத்திரண்டுல.”

“அப்ப வாரியமே இல்லையேம்மா. வாரியத்துக்கு முன்னால சொன்ன பொய் எங்க வரம்புலயே வராது. வாரியம் வந்த பின்னால அது தகவல்.” அவர் நிர்மலாதேவியைப் பார்த்தார். “வாக்குமூலம் வாங்கிக்க நம்மகிட்ட படிவம் இருக்குதா?”

“நிறைவாளர் ஒப்புதலுக்கு இருக்குது சார். நிறைவாளர் இல்லன்றதுக்கு இல்ல.”

“அதுக்கு நாம என்னா பண்ண முடியும்,” என்றார் தலைவர்.

நிர்மலாதேவி தட்டச்சு செய்த தாள் ஒன்றை அவள் முன்னால் வைத்தார். ‘மேற்படி மனுதாரரின் கூற்று பொய் என்று முதல் நிறைவாளராகிய நான் உறுதி கூறுகிறேன்.’ கீழே புள்ளி வைத்த கோடு. பேனாவையும் திறந்து, கையில் பிடிக்க வசதியாகத் திருப்பி வைத்தார். வாசலில் பொன்னாடைத் தட்டோடு ஒருவர் வந்து நின்றார்.

“எல்லாம் பேசியாச்சு. மனசுல இருந்தத சொல்லிட்டீங்க, நாங்களும் கேட்டுக்கிட்டோம்,” என்றார் நிர்மலாதேவி, முன்னைவிட மென்மையாக. “இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. உங்க வீட்டுக்காரர் கூட வெளிய போட்டோ எடுக்க நிக்கிறாரு.”

விஜயராகவன் இஸ்திரி போட்ட சட்டையில், ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தான். இங்கே நடந்தது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. வீட்டுக்குப் போய் அவனுக்கும் மாடி வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுவது ஐந்து நொடி வேலை. அன்று எனக்குத் தெரியாது என்று சொல்லவும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

“நான் போடல மேடம்.”

“போடலன்னா?” தலைவர் முதல்முறையாக நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “விதி பதினொண்ணு என்னா சொல்லுது தெரியுமா? முப்பது நாளைக்குள்ள மறுப்பு வரலன்னா மனு தானா ஏத்துக்கிட்டதா ஆயிடும். சுவர அழிக்கணும். பலகைய மாத்தணும். முடிவு இல்லாத ஆட்டத்துக்கு வாரியம் எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். பதினாலு ஊழியர் இருக்கோம். அத்தனையும் உங்க ஒரு கையெழுத்துலதான் நிக்குது. நல்லா யோசிச்சிப் பாருங்கம்மா.”

அவள் யோசித்தாள். நூரீன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்ப அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

“முழுக் கையெழுத்து வேணாம்,” என்றார் நிர்மலாதேவி. “சும்மா ஒரு சுழி.”

சிவசங்கரி தாளை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளி வைத்தாள்.

“வேணாங்க,” என்றாள்.